சாந்திநிகேதனத்தில் மாணவர் வாழ்க்கை

ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமையை மாணவர் தொகையாலும் கட்டிடங்களின் உயரத்தாலும் அளப்பது உலக வழக்கம். ஆனால், வீட்டை விட்டு வந்து சேரும் மாணவனின் உள்ளத்தில் முதல் நாளன்று எழும் வினா வேறு. “இங்கே என்னை அறிவார் யார்?” என்பதே அது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இவ்வினா புதிதன்று. மொழி வேறான ஊரில் குடியேறிய நாளில் நாம் அனைவரும் இதனை நமக்குள்ளே கேட்டிருக்கிறோம். ஆகவே, அயலாரை உறவினராக்குவதையும் கல்வியின் ஒரு பகுதியாகக் கொண்ட ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் வாழ்க்கை முறையை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும். மேற்கு வங்காளத்தில், போல்பூர் இரயில் நிலையத்துக்கு அருகே, சாந்திநிகேதனத்தில் அமைந்துள்ள விசுவபாரதியே அது.

வறண்ட செம்மண் வெளியாக இருந்த அவ்விடத்தில், 1863-ஆம் ஆண்டில் தேவேந்திரநாத் தாகூர் ஓர் ஆசிரமத்தை நிறுவினார். அவர் தியானத்தில் அமர்ந்ததாகப் போற்றப்படும் மரத்தை வங்காளியர் ‘சாதிம்’ என்பர். நம் இலக்கியங்கள் ‘ஏழிலைப்பாலை’ என்று சொல்லும் மரமே அது. இன்றளவும் அம்மரத்தின் இலையே அப்பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவின் அடையாளம். தேவேந்திரநாதரின் மைந்தர் இரவீந்திரநாதர் 1901-இல் அங்கு ஒரு பள்ளியைத் தொடங்கியபோது இருந்த மாணவர் ஐவரே. பள்ளியை நடத்தும் பொருட்டு அவருடைய மனைவியாரின் நகைகளும் விற்கப்பட்டன. 1921-இல் விசுவபாரதி தோன்றியது. 1951-இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. உலகம் முழுவதும் ஒரே கூட்டில் வந்து தங்குமிடம் என்னும் கருத்துடைய வேத வாக்கைத் தன் முத்திரை மொழியாக அது ஏற்றுக்கொண்டது.

கூடு என்னும் சொல் வெறும் அணியன்று என்பதை அங்குள்ள அன்றாட வழக்கங்களே காட்டுகின்றன. மாந்தோப்பிலும் சால மரங்களின் நிழலிலும் வகுப்புகள் நடைபெறும். பள்ளிச் சிறுவன் தன் இருக்கையைத் தானே சுமந்து வந்து விரித்து அமர்வான். மழை வந்தால் மட்டுமே கூரைக்குள் புகுதல் வழக்கம். விழா நாட்களில், விடியுமுன் மாணவரும் ஆசிரியரும் பாடிக்கொண்டே வளாகத்தை வலம் வருவர். வார விடுமுறை ஞாயிறன்று. ஆசிரம வழிபாட்டுக்குரிய புதன்கிழமையே நெடுங்காலமாக விடுமுறை நாளாக இருந்து வந்தது. மழலையர் வகுப்பு முதல் ஆராய்ச்சி வரையில் எல்லாம் ஒரே வளாகத்தில் அமைந்திருப்பதால், முதுநிலை மாணவனும் சிறு குழந்தையும் ஒரே பாதையில் நாள்தோறும் சந்திக்கின்றனர்.

ஒருவரை ஒருவர் விளிக்கும் முறையும் கருதத்தக்கது. மூத்த மாணவரையும் ஆசிரியரையும் பெயரோடு ‘தா’ என்றோ ‘தி’ என்றோ சேர்த்து அழைப்பர். முன்னது அண்ணனையும் பின்னது அக்காளையும் குறிக்கும். புகழ்பெற்ற சிற்பி இராம்கிங்கர் பைஜ் அவர்களையும் மாணவர் ‘கிங்கர்தா’ என்றே அழைத்தனர். முறை சொல்லி அழைத்துப் பழகிய நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. முறை சொல்லி அழைத்தபின் அயன்மை பாதி நீங்கிவிடுகிறது.

மீதிப் பாதி எவ்வாறு நீங்கும்? சேர்ந்து உழைப்பதால் நீங்கும் என்பதற்கு அங்கேயே சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய ஃபீனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகள், 1914-ஆம் ஆண்டின் இறுதியில் சாந்திநிகேதனத்தில் வந்து தங்கினர். சத்தியாக்கிரகத் தலைவர் தம்பி நாயுடுவின் புதல்வர்களும் அக்குழுவில் இருந்தனர். அவர்கள் தங்கள் உணவைத் தாங்களே சமைத்து, தங்கள் இடத்தைத் தாங்களே துப்புரவு செய்து வந்தனர். காந்தியடிகள் அங்கு வந்தபோது, ஏனைய மாணவரும் அவ்வாறே செய்யலாகாதா என்று கேட்டார். இரவீந்திரநாதரும் ஆசிரியர்கள் விரும்பினால் தமக்கு மகிழ்ச்சியே என்று இசைந்தார். 1915-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் சமையலும் பாத்திரம் துலக்கலும் துப்புரவும் மாணவர் கைக்கு வந்தன. சிலர் விரைவில் களைத்தனர். சில காலத்துக்குப் பின் அம்முயற்சி நின்றது. ஆயினும் அது மறக்கப்படவில்லை. ஆண்டுதோறும் மார்ச்சு 10-இல் ஊழியர்க்கு ஓய்வு அளித்து, ஆசிரியரும் மாணவரும் அவர்கள் பணியை ஏற்கும் வழக்கம் ‘காந்தி புண்ணியாகம்’ என்ற பெயரால் நிலைபெற்றது.

இக்கூட்டிற்குத் தெற்கிலிருந்து வந்தவர்கள் வெறுங்கையராய் வரவில்லை. சென்னையிலிருந்து சென்று பயின்ற சாவித்திரி கிருஷ்ணன் என்னும் மாணவி முத்துசாமி தீட்சிதரின் ‘மீனாக்ஷி மே முதம்’ என்னும் கீர்த்தனையைப் பாடக் கேட்ட இரவீந்திரநாதர், அவ்விசையிலேயே ஒரு வங்காளிப் பாடலை இயற்றினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்ற கே. ஜி. சுப்பிரமணியன், விடுதலைப் போரில் சிறை சென்றதனால் அரசினர் கல்லூரிகளின் கதவுகள் அடைபட, 1944-இல் கலா பவனத்தில் மாணவராய்ச் சேர்ந்தார். 1980-இல் அங்கேயே பேராசிரியராகத் திரும்பினார். அவர் தீட்டிய கறுப்பு வெள்ளை ஓவியங்கள் கலா பவனச் சுவர்களை அணி செய்கின்றன. கற்க வந்தவர்கள் அவ்விடத்துக்கே ஒரு பகுதியாகிவிட்டனர்.

சுற்றுப்புறச் சிற்றூர்களையும் இக்கல்விக்கூடம் தள்ளி வைக்கவில்லை. 1922-இல் அருகிலுள்ள சுருல் சிற்றூரில் ஊர்ப்புற மறுமலர்ச்சிப் பணி தொடங்கிற்று, அதுவே ஸ்ரீநிகேதனம். 1928 முதல் மரம் நடுதலும் ஏர் பூட்டுதலும் மாணவர் விழாக்களாயின. பௌஷ மாதம் 7-ஆம் நாள், அதாவது டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில், தொடங்கும் திருவிழாவில் பாவுல் பாடகரும் சந்தால் மக்களும் கைவினைஞரும் கூடுவர்.

ஆனால், சிறு கூடு பெரிதாகும்போது இடர்களும் வருகின்றன. மாணவர் பெருகினர், தேர்வும் விதியும் அலுவலகமும் பெருகின. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், திருவிழாத் திடலைச் சுற்றிச் சுவர் எழுப்ப முற்பட்டபோது பெரும் பூசல் விளைந்தது. காவல் வேண்டும் என்பார் ஒருபுறமும் திறந்த வெளியே அவ்விடத்தின் உயிர் என்பார் மறுபுறமும் நின்றனர். இரு சாராரும் அஞ்சியது இழப்பையே. 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் சாந்திநிகேதனத்தை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கட்டிடங்களையும் ஓவியங்களையும் அச்சிறப்புக் காக்கக்கூடும். பெயரோடு முறை சேர்த்து அழைப்பதையும், ஆண்டுக்கு ஒரு நாளேனும் துடைப்பத்தைக் கையில் எடுப்பதையும், அங்கு வாழ்வோரே காத்தல் வேண்டும்.

நம் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள கல்லூரிக்கு அனுப்பும்போது, அங்கே தமிழர் எத்தனை பேர் உள்ளனர் என்று விசாரிக்கிறோம். அது இயல்பே. அத்துடன் மற்றொன்றையும் விசாரிப்பது நன்று: அங்குள்ளோர் சேர்ந்து செய்யும் வேலை ஏதேனும் உண்டா? மரம் நடுவதாயினும், நாடகம் ஆடுவதாயினும், உணவுக் கூடத்தில் பரிமாறுவதாயினும், அத்தகைய வேலை ஒன்று இருக்குமானால், மொழி தெரியாத பிள்ளையும் சில திங்களில் அவ்விடத்தானாகிவிடுவான். நாம் குடியேறிய ஊர்களிலுள்ள நம் சங்கங்களுக்கும் இது பொருந்தும். நம் விழாவிற்கு அயலாரை விருந்தினராக மட்டும் அழைக்காமல், பந்தற்கால் நடுவதற்கும் அழைப்போமாக.