இடுப்பு முறிவும் ரண சிகிச்சையும்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலால் சுற்றிவரும் திரளான ஜனங்களுக்கு, சரீர பாரம் முழுவதையும் முதுகுத்தண்டிடமிருந்து வாங்கி இரு கால்களுக்கும் பகிர்ந்தளிக்கும் இடுப்பெலும்பைப் பற்றிய பிரக்ஞை இருக்க நியாயமில்லை. செங்கம் சாலையிலோ திண்டிவனம் சாலையிலோ லாரி மோதித் தூக்கியெறியப்பட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரிகிறது.

பின்னே திருவெலும்பும் இருபுறமும் இடுப்பெலும்புகளும் கூடிய வளையம் அது. ஆதலால் ஓரிடத்தில் உடைந்தால் பெரும்பாலும் இன்னோரிடத்திலும் விட்டுக்கொடுக்கும். முறிவைவிட அபாயகரமானது ரத்தப்பெருக்கு. திருவெலும்புக்கு முன்னே பின்னிக்கிடக்கும் சிரைகள் கிழிந்துவிட்டால், வெளியே ஒரு சொட்டும் தெரியாமலே லிட்டர் கணக்கில் ரத்தம் உள்ளே தேங்கிவிடக்கூடும். ஆகவே முதல் வைத்தியம் கத்தியன்று, துணி: ஒரு போர்வையை அகலமாக மடித்து உடலுக்கடியில் நுழைத்து இறுகக் கட்டினால், விரிந்த வளையம் நெருங்கி ரத்தம் கட்டுப்பட வழி பிறக்கிறது. கட்டவேண்டிய இடம் வேட்டி கட்டும் இடமன்று. அதற்குக் கீழே, தொடையின் பக்கவாட்டில் தடவினால் முண்டாகக் கைக்கு அகப்படும் எலும்பின் மட்டம். அடிபட்டவரை எழுந்து நிற்கச் சொல்லிப் பார்ப்பதும், ஆட்டோவில் மடக்கித் திணிப்பதும் வேண்டாம், 108 ஆம்புலன்ஸ் வரட்டும்.

உயிர் நிலைத்தபின் வருவதே ரண சிகிச்சை. தொடையெலும்பின் தலை அமரும் கிண்ணம் சிதறியிருந்தால் அதுவே மிகக் கடினம். எடை கட்டிக் காலை இழுத்து, மாதக்கணக்கில் நோயாளியைக் கிடத்திவைப்பதே பெரும்பாலும் கதி என்றிருந்த காலத்தில், பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்களும் எமில் லெதூர்னெலும், அக்கிண்ணத்தை முன்தூண், பின்தூண் என்னும் இரண்டு தாங்குவதாகக் கண்டு, அதன் முறிவுகளைப் பத்து வகையாகப் பகுத்து 1964இல் எழுதிய கட்டுரையே இன்றைய முறைக்கு ஆதாரம். முன்வழியே சென்றால் காலுக்குப் போகும் பெருங்குழாய்கள், பின்வழியே சென்றால் காலுக்கு இறங்கும் பெருநரம்பு (சியாட்டிக்). இவற்றை விலக்கிப் பிடித்துக்கொண்டே துண்டுகளைப் பொருத்தி, எலும்பின் வளைவுக்கேற்ப வளைத்த தகடுகளைத் திருகாணியால் முடுக்குகிறார்கள். மூட்டுப் பரப்பில் ஓரிரு மில்லிமீட்டர் மேடுபள்ளம் நின்றாலும் பிற்காலத்தில் மூட்டுத் தேய்வுக்கு இடமுண்டு.

புத்தூர்க் கட்டு என்னும் நாட்டு எலும்பு வைத்தியம் மணிக்கட்டுக்கு ஆகுமோ ஆகாதோ, அந்த விவாதத்தில் நான் இறங்கவில்லை; இடம் பெயர்ந்த இடுப்பு முறிவுக்கு அது நிச்சயம் ஆகாது. மூன்று வாரம் கழிந்துவிட்டால் எலும்பு கோணலாகவே கூடத் தொடங்கி, தேர்ந்த கைக்கும் வேலை இருமடங்காகிறது. கட்டுக்குப் போவதற்கு நம்பிக்கையைக் காட்டிலும் செலவுக்கு அஞ்சுவதே பல குடும்பங்களில் காரணம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராயினும், அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனையிலும்கூட, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு நிர்ணயித்த வரம்புவரை அரசே பணம் கட்டுகிறது. ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வரும் யாத்ரீகர்களுக்கு இதை யாரேனும் எடுத்துச் சொல்லவேண்டும்.