ஈரலுக்கும் குடலுக்கும் காவலிருந்த தெய்வங்கள்

இறந்தவர் மறுமையில் வாழ வேண்டுமானால் அவருடைய உடல் குறைவின்றி இருக்க வேண்டும் என்பது பண்டைய எகிப்தியரின் உறுதியான நம்பிக்கை. ஆனால் முதலில் அழுகுபவை உள்ளுறுப்புகளே என்பதால், உடலைப் பதப்படுத்துவோர் வயிற்றின் இடப்பக்கத்தைக் கீறி அவற்றை வெளியே எடுத்து, நேட்ரான் என்னும் இயற்கைச் சோடா உப்பில் உலர்த்தி, துணியில் சுற்றித் தனியே வைத்தனர். அறிவின் இருப்பிடமாகக் கருதப்பட்ட இதயம் மட்டும் உடலிலேயே விடப்பட்டது.

பிரிந்த உறுப்புகளைக் காப்பவர்கள் ஹோரஸ் கடவுளின் புதல்வர் நால்வர். கல்லீரலை மனிதத் தலையுடைய இம்செட்டியும், நுரையீரலை பபூன் குரங்கின் தலையுடைய ஹாப்பியும், இரைப்பையை நரித்தலை கொண்ட துவாமுதெஃபும், குடலை வல்லூறின் தலை கொண்ட கெபெசெனுவெஃபும் காத்தனர் என்பது பொது வழக்கு. காவலர்க்கும் காவல் வேண்டும் என்பதுபோல, அவர்களுக்குத் துணையாக முறையே ஐசிஸ், நெஃப்திஸ், நெயித், செர்கெட் ஆகிய பெண் தெய்வங்கள் அமைந்தனர்.

உறுப்புகள் வைக்கப்பட்ட கலங்கள் இன்று கனோபிக் ஜாடிகள் எனப்படுகின்றன. அலெக்சாந்திரியாவுக்கு அருகிலிருந்த கனோபஸ் நகரில் ஒசைரிஸ் கடவுள் மனிதத் தலையுடைய ஜாடி வடிவில் வணங்கப்பட்டார். அவ்வடிவத்தோடு இக்கலங்களைக் குழப்பிக்கொண்ட பிற்கால ஐரோப்பியர் இட்ட பெயரே நிலைத்துவிட்டது.

இக்கலங்களின் மூடிகளில் காணப்படும் அப்புதல்வரின் நால்வகைத் தலைகளும் தொடக்கம் முதலே இருந்தவை அல்ல. கூஃபு மன்னனின் தாயான ஹெத்தெஃபெரெஸுக்கு உரியதாகக் கீசாவில் 1925ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கல்லறையில் கிடைத்தது, நான்கு அறைகள் கொண்ட எளிய கற்பெட்டியே. ஆயினும் ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்குப் பின்னரும் அதில் நேட்ரான் கரைசல் வற்றாதிருந்தது வியப்புக்குரியது. 1922இல் கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறையிலும் விலங்குத் தலை மூடிகள் இல்லை. அங்கே பொன் தகடு போர்த்திய மரக்கூட்டின் நான்கு பக்கங்களிலும் நான்கு தேவியர் கைகளை விரித்து நிற்க, உள்ளிருந்த கால்சைட் கற்பெட்டியின் நான்கு குழிகளை அரசமுகம் செதுக்கிய மூடிகள் அடைத்திருந்தன. அக்குழிகளுக்குள் உறுப்புகளைத் தாங்கிய சிறு பொற்பேழைகள் இருந்தன. எகிப்தியக் கைவினையின் உச்சங்களுள் ஒன்றாக இதனைக் கொள்வது மிகையாகாது. விலங்குத் தலை மூடிகள் பரவலானது இதற்குப் பிறகுதான்.

21ஆம் அரசமரபின் காலத்தில் உறுப்புகளைப் பொதிந்து உடலுக்குள்ளேயே திருப்பி வைக்கும் முறை வந்தபோது, ஹோரஸின் புதல்வர்களும் சிறு மெழுகுப் பாவைகளாய் அவற்றோடு உள்ளே சென்றனர். ஜாடிகளுக்கு இனி வேலையில்லை. எனினும் அத்தெய்வங்களைக் கல்லறையிலிருந்து விலக்க மனம் ஒப்பாமையால், உட்புறம் குடையாமலே செதுக்கிய கல் ஜாடிகள் சவப்பெட்டிக்கு அருகே தொடர்ந்து வைக்கப்பட்டன.