சக்கரத்துக்கு உறை எதற்கு?

சின்ன விமானங்களின் சக்கரங்களுக்கு நீர்த்துளி வடிவில் உறை போடுகிறார்களே, அழகுக்கா என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அழகுக்கு அல்ல. காலை மடக்கிக்கொள்ளாத விமானத்தில் காலும் சக்கரமும் பறக்கும் நேரமெல்லாம் காற்றை மறிக்கின்றன. உருண்டைக் கம்பி ஒன்று எவ்வளவு காற்றை மறிக்குமோ, அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு பருமனாக, பின்பக்கம் கூம்பிய தண்டும் அவ்வளவுதான் மறிக்கும். கம்பியைத் தாண்டும் காற்று பின்னால் சேர முடியாமல் சுழித்து, கம்பியைப் பின்னுக்கு இழுக்கிறது. நீண்ட வால் இருந்தால் ஒட்டியபடியே வழுக்கிப் போய்விடும்.

சொந்தமாக விமானம் கட்டுவோர் இந்த உறையைக் கண்ணாடியிழையில் செய்கிறார்கள். கொட்டிவாக்கம் கடற்கரையில் ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடும் அண்ணன்மார் செய்வதும் இதே வேலைதான். ரெசின் இறுகுவதற்குள் இழை விரிப்பில் தடவிக் காற்றுக்குமிழை அழுத்தி வெளியேற்றும் அந்தக் கைவேகத்தை நின்று பார்த்திருக்கிறேன். விமானத்துக்குப் பெரும்பாலும் எபாக்ஸி. காலும் உடலும் சேரும் மூலையில் களிமண் வைத்து, விரலால் வளைவு இழைத்து, மேலே பேக்கிங் டேப் ஒட்டி, இழைத்துணியைப் படியவிடுவார்கள். காய்ந்ததும் தனியே கழன்று வரும். அப்புறம் பட்டி, உப்புத்தாள், மறுபடி பட்டி.

சொந்தமாக விமானம் கட்டுவது சென்னைக்குப் புதிதல்ல. 1910 மார்ச்சிலேயே ஓட்டல்காரர் ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் கட்டிய தன் விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பக்கத்துக் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி தொடங்கியது 1949-இல். அங்கே விமானப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் காற்றுத்தடையைக் கணக்கில் போடுவதோடு நிற்காமல் கடற்கரைக்கு வந்து ரெசினில் கை வைக்க வேண்டும். வரும்போது முகக்கவசமும் கொண்டுவரட்டும். ஃபைபர் தூளை மூக்கை மூடாமல் தேய்ப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது பொருத்தும் கட்டம். தரையில் நிற்கும்போது பாரத்தால் கால்கள் வளைந்து அகன்றிருக்கும். பறக்கையில் தொங்கி, பழைய வடிவுக்கு வந்துவிடும். அதனால் சக்கரம் தரையில் படாதபடி விமானத்தைத் தூக்கி, பறக்கும் மட்டத்தில் நிறுத்தி, தரையில் நடுக்கோடு கிழிப்பார்கள். உறையின் மூக்கிலிருந்தும் வாலிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, இரண்டும் கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் விழுகிறதா என்று அளப்பார்கள். காலுக்குப் போடும் உறை கோணினால் அதுவே சுக்கானாகிவிடும். விமானி வழியெல்லாம் மிதியை அழுத்தியே ஓட்ட வேண்டியிருக்கும்.

புல்தரையில் இறங்குபவர்கள் மழைக்காலத்தில் உறைக்குள் சேறு அடைத்துக்கொள்ளும் என்று கழற்றி வைப்பதுண்டு. அது சரிதான். மறுபடி மாட்டும்போது, பழைய ஓட்டைதானே என்று திருகிவிட்டுப் போகாமல், தூக்குக்குண்டை இன்னொரு முறை விட்டுப் பார்க்க வேண்டும்.