லேவுக்கு இரண்டு சாலைகள்

மணாலி வழி குறுகியது, ஸ்ரீநகர் வழி நீண்டது. ஆனால் பின்சீட்டில் நாலு வயதுக் குழந்தை இருந்தால் கிலோமீட்டர் கணக்கு உதவாது. குழந்தை எந்த உயரத்தில் தூங்கும் என்ற கணக்குத்தான் உதவும்.

2023 மே மாதம். தில்லியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாலை வரைபடம் விரிந்திருக்கிறது. மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் நாலு டம்ளர். கணவரின் விரல் சண்டிகர், மணாலி வழியாக லேவை நோக்கிப் போகிறது. கிட்டத்தட்ட 1,000 கி.மீ. என் விரல் ஜம்மு, ஸ்ரீநகர், கார்கில் என்று சுற்றிக்கொண்டு போகிறது. ஏறத்தாழ 1,250 கி.மீ. ஒன்பது வயது மூத்தவன் அப்பா கட்சி. அடல் சுரங்கப்பாதையையும், கட்டா வளைவுகள் எனப்படும் 21 கொண்டை ஊசித் திருப்பங்களையும் பார்த்தே தீரவேண்டும் அவனுக்கு. நாலு வயது சின்னவள் எந்தக் கட்சியிலும் இல்லை. பனியில் விளையாட வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் மணாலிதான் ஜெயித்திருக்கும். முடிவை மாற்றியது எங்கள் குழந்தை மருத்துவர் கேட்ட ஒரு கேள்வி. என்ன கார், எவ்வளவு தூரம் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. முதல் நாலைந்து இரவுகள் குழந்தைகள் எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப்போகிறார்கள் என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

கோடை விடுமுறைக்குக் காரிலேயே லடாக் போய்வருவது இன்று பல குடும்பங்களின் கனவு. சாலைகளும் மேம்பட்டுவிட்டன. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோதங் கணவாயில் ஏறி இறங்கும் வேலையை ஒழித்து, மணாலிக்கும் லேவுக்கும் இடையே 46 கி.மீ. தூரத்தைக் குறைத்துவிட்டது. ஸ்ரீநகர் பக்கம் 2025 ஜனவரியில் சோனாமார்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சாலை நன்றாக ஆக ஆக, உயரத்துக்கு வெகு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட முடிகிறது. காருக்கு அந்த வேகம் ஒத்துக்கொள்கிறது. உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை.

சொல்லத் தெரியாத தலைவலி

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் போனால் உயர்மலை நோய் யாரையும் தாக்கலாம். காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் அது கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,300 மீட்டருக்கு மேலே இருக்கும் தங்லாங் லா கணவாயில் ஏறக்குறையப் பாதி. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும் அல்லது மூளை வீங்கும். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை.

பெரியவர்களைவிடக் குழந்தைகளை இது அதிகம் தாக்குகிறது என்பதற்கில்லை. தாக்கினால் கண்டுபிடிப்பதுதான் கடினம். நாலு வயதுக் குழந்தைக்குத் தலை வலிக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. அது சிணுங்கும், பிஸ்கெட்டைத் தள்ளிவிடும், விளையாட்டை நிறுத்திவிட்டுச் சுருண்டு படுக்கும். பயணக் களைப்பிலும் குழந்தை இதையேதான் செய்யும். எது எது என்று தெரியாதபோது மலையில் ஒரே விதிதான்: வேறு காரணம் உறுதியாகும்வரை உயரம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மேலே ஏறக்கூடாது. நிலைமை மோசமானால் உடனே கீழே இறங்க வேண்டும். கையடக்க ஆக்சிஜன் சிலிண்டர் சற்று நேரத்துக்குத் தாக்குப்பிடிக்க உதவும், இறங்குவதற்கு மாற்றாகாது. டயமாக்ஸ் மாத்திரையைக் குழந்தைக்கு, அதன் எடையும் ஒவ்வாமையும் அறிந்த மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது.

வராமல் தடுக்கும் விதியும் எளிமையானது. பகலில் எவ்வளவு உயரம் ஏறி இறங்கினோம் என்பதைவிட இரவில் எங்கே படுத்தோம் என்பது முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. ஆயிரம் மீட்டருக்கு ஒரு நாள் கூடுதல் ஓய்வு வேண்டும்.

இந்தக் கணக்கோடு வரைபடத்தைத் திரும்பப் பார்த்தபோது இரண்டு சாலைகளும் வேறு மாதிரித் தெரிந்தன.

இறங்க இடமில்லாத தூரம்

மணாலி 2,050 மீட்டர். சுரங்கப்பாதையைக் கடந்தால் கேலாங், ஜிஸ்பா. இங்கே 3,200 மீட்டர்வரை. அடுத்து வழக்கமாக எல்லோரும் தங்கும் கூடார முகாம் சர்ச்சு. அது 4,290 மீட்டர். ஜிஸ்பாவில் ஒரு நாள் தங்கிப் போனால்கூட ஒரே நாளில் 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது படுக்கை. மணாலியில் கிளம்பி நேரே சர்ச்சுவில் படுப்பவர்களுக்கு 2,200 மீட்டர். லடாக் போய்வந்தவர்கள் பலர் கசப்போடு நினைவுகூரும் இரவு சர்ச்சு இரவு என்பதில் வியப்பில்லை.

அதைவிட அச்சம் தருவது வேறொன்று. பாரலாச்சா லாவிலிருந்து (சுமார் 4,890 மீட்டர்) தங்லாங் லாவரை ஏறக்குறைய 170 கி.மீ. தூரத்துக்குச் சாலை 4,000 மீட்டருக்குக் கீழே வருவதே இல்லை. சர்ச்சுவில் நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சு முட்டினால் முன்னால் போனாலும் ஏற்றம், திரும்பிப் போனாலும் ஏற்றம். கீழே இறங்கு என்பதே மருந்தாக இருக்கும் நோய்க்கு, முதலில் மேலே ஏற வேண்டியிருக்கும்.

ஜிஸ்பாவிலிருந்து ஒரே நாளில் லே சேர்ந்துவிடலாமே என்றார் கணவர். சேரலாம். 300 கி.மீ.க்கு மேல், நாலு உயரமான கணவாய்கள், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். வழியில் ஒரு பாறைச் சரிவு, ஒரு பஞ்சர், குழந்தைக்கு ஒரு வயிற்றுப்போக்கு, எது வந்தாலும் அந்தத் திட்டம் சர்ச்சுவிலோ பாங்கிலோ இரவைக் கழிப்பதாக மாறிவிடும். பாங் இன்னும் உயரம்.

ஸ்ரீநகர் வழியில் தில்லியிலிருந்து போவது கன்னியாகுமரிவரை நீளும் அதே 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகர் 1,585 மீட்டர். அங்கிருந்து 200 கி.மீ. தள்ளி கார்கில், 2,676 மீட்டர். இடையே ஜோஜி லா கணவாய் 3,528 மீட்டர்தான். கார்கிலுக்கு அப்பால் ஃபோட்டு லா 4,108 மீட்டர். இந்த வழியின் உச்சியே சர்ச்சுவின் கூடாரங்களைவிடத் தாழ்வு. அதுவும் சிறிது நேரத்தில் கடந்து இறங்கிவிடக்கூடிய உச்சி. வழியில் கிராமங்கள் உண்டு, பெட்ரோல் பங்க் உண்டு, கார்கிலில் மருத்துவமனை உண்டு.

எங்கள் பட்டியல் தயாரானது. ஸ்ரீநகரில் இரண்டு இரவு, கார்கிலில் ஒன்று, ஆல்ச்சியில் (3,100 மீட்டர்) ஒன்று, பிறகு லே. கணவர் தலையாட்டினார். மூத்தவனைச் சமாதானப்படுத்த, திரும்பும்போது மணாலி வழி என்று வாக்குக் கொடுத்தோம்.

திராஸில் ஒரு வாந்தி

ஜோஜி லாவை உயரத்தை வைத்து எடைபோட்டது தவறு என்பது ஜூன் மாதம் நேரில் போனபோது தெரிந்தது. குறுகிய மண்பாதை, லாரி வரிசை, ராணுவ வாகனங்களுக்காகக் காத்திருப்பு, ஒரு பக்கம் தடுப்புச்சுவர் இல்லாத பள்ளம். நகராத காரில் குழந்தைகளை இரண்டு மணி நேரம் உட்காரவைக்க வேண்டியிருந்தது. இந்தக் கணவாய்க்குக் கீழே தோண்டப்பட்டுவரும் சுரங்கம் முடிந்தால் இந்த அவதி தீரும்.

கணவாயைத் தாண்டியதும் சின்னவள் பேச்சை நிறுத்தினாள். பனிக்கட்டியைக் காட்டினோம், திரும்பிப் பார்க்கவில்லை. இதற்காகத்தான் வந்தவள் அவள். திராஸ் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது வாந்தி எடுத்தாள். வளைவுகளால் வந்த வாந்தியா, உயரத்தாலா? எங்களால் சொல்ல முடியவில்லை. உதடு நீலம் பாரிக்கவில்லை, மூச்சு சீராக இருந்தது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொன்னாள். 1999 போரில் உயிர்நீத்தவர்களின் பெயர்களைப் படிக்க வேண்டுமென்று வழியெல்லாம் சொல்லிவந்த மூத்தவன், தானே காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்த இடத்தில்தான் மருத்துவரின் கேள்விக்கு முழு அர்த்தம் புரிந்தது. திராஸ் 3,280 மீட்டர். கார்கில் 60 கி.மீ. முன்னால் இருக்கிறது, 600 மீட்டர் கீழே. எங்களுக்கு முன்னால் போவதும் கீழே இறங்குவதும் ஒன்றாக இருந்தது. நின்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மாலை கார்கிலில் ஆற்றங்கரை விடுதி அறையில் அவள் எழுந்து உட்கார்ந்து தயிர்சாதம் கேட்டாள். தயிர் கிடைத்தது. சாதத்தைக் கையோடு கொண்டுபோயிருந்த சின்ன குக்கரில் வைத்தேன். உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் அரிசி சரியாக வேகாது. பட்டியலைத் திருத்தி கார்கிலில் இன்னோர் இரவு தங்கினோம். அன்று நடந்தது எதனால் என்று இன்றுவரை தெரியாது. தெரியாமலேயே பத்திரமாக இருக்க முடிந்தது.

மழையும் பதற்றமும்

இதை வைத்து ஸ்ரீநகர் சாலை ஆபத்தில்லாதது என்று யாரும் முடிவுகட்டிவிடக்கூடாது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு காஷ்மீரின் பல சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன. அங்கே நிலைமையை விசாரிக்காமல் குழந்தைகளோடு கிளம்புவது பொறுப்பாகாது. அதே ஆண்டு ஆகஸ்டு மாத மழையில் ஜம்மு-ஸ்ரீநகர் நெடுஞ்சாலை பல நாட்கள் அடைபட்டது. ஆனால் மணாலி வழியும் தப்பவில்லை. 2023 ஜூலையிலும் 2025 ஆகஸ்டிலும் பியாஸ் ஆறு குல்லு-மணாலி சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. குழந்தைகளோடு போகிறவர்கள் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இரண்டு வழிகளையுமே தவிர்ப்பது நல்லது. ஜூன் அல்லது செப்டம்பரே உகந்தது.

விமானத்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தில்லியிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் அறையைவிட்டு நகராமல் ஓய்வெடுப்பதுதான் அதற்கான விலை. இன்னொன்று: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் கார்டுகள் ஜம்மு-காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. காரில் ஒரு போஸ்ட்பெய்ட் எண்ணாவது இருக்க வேண்டும்.

வாக்குத் தவறிய கதை

லேயில் ஏழு இரவுகள். குழந்தைகள் உயரத்துக்கு நன்றாகப் பழகிவிட்டார்கள். பழகிய உடம்போடு திரும்புகிறவர்களுக்கு மணாலி வழி அற்புதமானது. விடியற்காலையில் கிளம்பினால் இரவு ஜிஸ்பாவில் தாழ்ந்த இடத்தில் படுத்துவிடலாம். மூத்தவன் பையை முதல் நாளே கட்டிவைத்திருந்தான்.

அன்று இரவு சின்னவளுக்குச் சளி பிடித்தது, இருமல் வேறு. சளியோடு உயரத்துக்குப் போகும் குழந்தைகளுக்கு நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து கூடுதல். லே மருத்துவர் பார்த்துவிட்டு, நெஞ்சு தெளிவாக இருக்கிறது, ஆனால் 5,000 மீட்டருக்கு மேல் கூட்டிப்போக வேண்டாம் என்றார். இரண்டு நாள் காத்திருந்து, வந்த வழியே திரும்பினோம். கார்கில்வரை மூத்தவன் எங்களோடு பேசவில்லை. 21 திருப்பங்களையும் சொல்லிச் சொல்லிச் சின்னவளை அழவைத்தான்.

அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கொடுத்த வாக்கை நாங்கள் காப்பாற்றவில்லை. இப்போது புது வாக்குக் கொடுத்திருக்கிறோம். மணாலி சாலை எங்கேயும் போய்விடாது. தலை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சின்னவள் தானாகவே சொல்லும் வயது வரட்டும். அன்றைக்குப் போவோம். அப்போதும் சர்ச்சுவில் தங்கப்போவதில்லை.