சூழல் நெருக்கீடும் நுண் அல்காவின் எண்ணெயும்

குளத்து நீர் பச்சை நிறமாகத் தோன்றுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் அங்கு வாழும் நுண் அல்காக்களே. இவை ஒளித்தொகுப்பின் மூலம் உணவைத் தயாரிக்கின்றன. சில இனங்கள் அதில் ஒரு பகுதியை எண்ணெயாகச் சேமிக்கின்றன. அவ்வெண்ணெயிலிருந்து உயிர் டீசல் தயாரிக்கலாம்.

நெருக்கீடு என்றால் என்ன?

வளர்ச்சியைப் பாதிக்கும் அளவுக்குச் சூழற் காரணி ஒன்று குறைதல் அல்லது மிகுதல் நெருக்கீடு எனப்படும்.

உதாரணங்கள்:
1. நைதரசன் குறைபாடு
2. உப்புச் செறிவு அதிகரித்தல்
3. ஒளிச்செறிவு மிகுதல்
4. தயற்றங்களில் சிலிக்கன் குறைபாடு (இவற்றின் கலச்சுவர் சிலிக்காவால் ஆனது)

எண்ணெய் அதிகரிப்பது ஏன்?

புரதம், பச்சையம், நியூக்கிளிக்கமிலம் ஆகியவற்றை ஆக்க நைதரசன் அவசியம். அது கிடைக்காதபோது கலப்பிரிவு தடைப்படும். ஆயினும் ஒளித்தொகுப்பு உடனே நின்றுவிடுவதில்லை. பதிக்கப்படும் காபனைப் புரதமாக்க முடியாததால், பல இனங்கள் அதனை எண்ணெயாகச் சேமிக்கின்றன. எண்ணெயில் காபன், ஐதரசன், ஒட்சிசன் மட்டுமே உள்ளன என்பதைக் கவனிக்கவும்.

மாணவர் விடும் தவறு

"நெருக்கீட்டின்போது எண்ணெய் உற்பத்தி கூடும்" எனப் பலர் எழுதிவிடுகின்றனர். கூடுவது எண்ணெயின் சதவீதமே. பின்வரும் கற்பனை உதாரணத்தைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு நாளில்:

சாதாரண நிலை: உலர்நிறை 20 கிராம், எண்ணெய் 20%. எனவே எண்ணெய் 4 கிராம்.
நெருக்கீட்டு நிலை: உலர்நிறை 8 கிராம், எண்ணெய் 40%. எனவே எண்ணெய் 3.2 கிராம்.

சதவீதம் இரு மடங்காகியும் மொத்த எண்ணெய் குறைந்துவிட்டது!

ஐக்கிய அமெரிக்காவின் சக்தித் திணைக்களம் 1978 முதல் 1996 வரை நடத்திய ஆய்வுத் திட்டமும் இதையே கண்டது. அத்திட்டத்தில் 3000க்கும் மேற்பட்ட அல்கா வகைகள் சேகரிக்கப்பட்டன. போசணைக் குறைபாட்டினால் கலங்களில் எண்ணெய் வீதம் உயர்ந்தாலும், வளர்ச்சி குன்றியதால் மொத்த உற்பத்தி உயரவில்லை என 1998 இல் வெளியான அதன் இறுதி அறிக்கை கூறியது.

தீர்வு

இரு கட்ட வளர்ப்பு ஒரு வழியாகும். முதலில் போதிய போசணை வழங்கி அல்காக்களைப் பெருக்க வேண்டும். பின்னர் நைதரசனைக் குறைத்து எண்ணெயைச் சேமிக்கச் செய்து அறுவடை செய்ய வேண்டும். எனினும் இதற்குக் காலமும் செலவும் கூடும்.

நினைவிற் கொள்க

மொத்த எண்ணெய் = உலர்நிறை × எண்ணெய் வீதம். விடையில் இரண்டையும் குறிப்பிட்டால் மட்டுமே விளக்கம் முழுமை பெறும்.