உஷார்! முட்டி வலியை மாத்திரையால் அடக்கிவிட்டு ஓடாதீர்கள்

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மெரினாவிலோ பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையிலோ புதிதாக ஓடத் தொடங்கியிருக்கிறீர்களா? விடியற்காலைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் உங்களிடம் இப்படிச் சொல்லியிருப்பார்: "முட்டி வலிக்குதா சார்? கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு பெயின் கில்லர் போட்டுக்கோங்க, ஒண்ணும் தெரியாது." நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். அவருக்கு அது ஒத்துக்கொண்டும் இருக்கலாம். புதிதாக ஓடுபவர் காதில் போட்டுக்கொள்ளவே கூடாத யோசனை அது. ஓடும்போது ஒன்றும் தெரியாமல் போவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

மாத்திரை உள்ளே என்ன செய்கிறது?

டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள், உடலில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. வலியையும் வீக்கத்தையும் கிளப்பிவிடுவது அந்தப் பொருள். ஆனால் உடம்பில் நீர் குறையும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடாமல் காப்பதும் அதுவே. சென்னைப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் பனியனைப் பிழியலாம். அந்த நேரத்தில் மாத்திரையும் உள்ளே இருந்தால் சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் அடி.

80 கிலோமீட்டர் ஓடிய 89 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. ஐபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. சிறிய ஆய்வு, மிக நீண்ட ஓட்டம். உங்கள் ஐந்து கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, அல்சர் இருப்பவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. இன்னொன்று: மாரத்தான் பயிற்சி சூடுபிடிக்கும் மழைக்காலம்தான் டெங்கு காலமும். காய்ச்சலோடு உடம்பு வலிக்கும்போது 'ஓடினதால வந்த வலி' என்று நினைத்து இவற்றை விழுங்கினால், டெங்குவாக இருக்கும் பட்சத்தில் இரத்தக் கசிவு வரை கொண்டுபோய் விடலாம்.

மூச்சு முந்துகிறது, முட்டி பிந்துகிறது

புதியவர்களுக்கு முட்டி வலிக்கக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் பழகிவிடுகின்றன. மூச்சிரைப்பு குறைகிறது, 'இன்னும் ஓடலாம்' என்று தோன்றுகிறது. தசைநாண்களும் எலும்பும் அந்த வேகத்துக்குத் தேறுவதில்லை. அவற்றுக்கு மாதக் கணக்கில் அவகாசம் வேண்டும். இந்த இடைவெளியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு சேர்ந்து ஐந்து கிலோமீட்டரைப் பத்தாக்கும்போது முட்டி முனகுகிறது.

அப்போது மாத்திரை போட்டு ஓடுவது, அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று தடித்த கம்பியை வைத்துக் கட்டுவது போன்றது. விளக்கு எரியும், சுவருக்குள் வயர் கருகிக்கொண்டிருக்கும்.

5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2025இல் வந்தது. கடந்த 30 நாட்களில் ஓடிய அதிகபட்ச தூரத்தை ஒரே ஓட்டத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டியவர்களுக்குக் காயம் கூடியது. தூரத்தை இரட்டிப்பாக்கியவர்களுக்கு அந்த ஆபத்தும் இரண்டு மடங்கைத் தாண்டியது. உங்கள் கணக்கை இப்போதே போட்டுப் பாருங்கள். போன ஒரு மாதத்தில் ஒரே மூச்சில் ஓடிய அதிகபட்சம் ஐந்து கிலோமீட்டர் என்றால், இந்த ஞாயிறு உங்கள் எல்லை ஐந்தரை. நண்பர் எவ்வளவு ஓடுகிறார் என்பது அவர் முட்டியின் கணக்கு.

எங்கே வலிக்கிறது?

முட்டிச் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ: புதியவர்களிடம் அதிகம் காணப்படுவது இது. மாடிப்படி இறங்கும்போது, இந்தியன் டாய்லெட்டில் குந்தும்போது, தியேட்டரில் இடைவேளைக்கு எழும்போது வலி சுள்ளென்று பிடிக்கும். ஓட்டத்தைக் குறைத்து, தொடைக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றினால் பெரும்பாலும் தணியும்.

முட்டியின் வெளிப்பக்கம்: ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் தொடங்கும், மேம்பாலத்தில் இறங்கும்போது கூடும். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரம் நோக்கிச் சரிந்திருக்கும். தினமும் அதே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே விழும். சமதளமாகப் பார்த்து ஓடுங்கள்.

சில்லுக்கு நேர் கீழே: தசைநாண் வலி. உடம்பு சூடானதும் மறைந்து மறுநாள் காலையில் திரும்பும். 'சரியாயிடுச்சு' என்று ஏமாற்றும். வளரும் பிள்ளைகளுக்கு இதே இடத்தில் புடைப்போடு வலி வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டிக்குச் சற்றுக் கீழே, உட்பக்க எலும்பில், ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படியான வலி: உடனே ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பில் நுண்விரிசல் விழுந்திருக்கலாம். முதலில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். மாத்திரை மறைத்துவிடும் வலிகளில் மிக மோசமானது இது. தொடர்ந்து ஓடினால் விரிசல் முறிவாகும்.

இவை இருந்தால் காத்திருக்காதீர்கள்

முட்டி ஓரிரு மணி நேரத்துக்குள் புடைத்து வீங்கினால்,
மடக்கிய காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால்,
நடக்கும்போது முட்டி திடீரென்று தளர்ந்து மடங்கினால்,
காலை ஊன்றவே முடியாவிட்டால்,
படுத்திருக்கும்போதும் இரவில் வலி எழுப்பினால்,
முட்டி சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால்,
ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால்,

எலும்பு மூட்டு மருத்துவரை உடனே பாருங்கள். காய்ச்சலோடு சிவந்து வீங்கிய மூட்டும், ஒரு பக்கமாக வீங்கிய கெண்டைக்காலும் அவசர சிகிச்சைக்கு உரியவை. அவற்றுக்கு மறுநாள் வரைகூடப் பொறுக்கக் கூடாது.

இந்த வீட்டு வைத்தியங்களிலும் கவனம்

மெடிக்கல் ஷாப்பில் "முட்டி வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு, பேப்பரில் மடித்துத் தரும் பெயரில்லாத மாத்திரைகளை வாங்காதீர்கள். உள்ளே ஸ்டீராய்டு இருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வீங்கிய முட்டியை நீவிவிடவும் சுளுக்கு எடுக்கவும் யாரிடமும் காலைக் கொடுக்காதீர்கள்; உள்ளே கிழிசலோ விரிசலோ இருந்தால் அது பெரிதாகும். நீ கேப் மாட்டினால் தெம்பாகத்தான் இருக்கும். அந்தத் தெம்பில் தூரத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

பயந்துபோய் நீங்களாகவே ஸ்கேன் சென்டருக்கும் ஓட வேண்டாம். வலியே இல்லாத 115 பேரின் இரண்டு முட்டிகளையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. ஏறக்குறைய எல்லா முட்டிகளிலும் ஏதாவது ஒரு குறை தெரிந்தது. ஸ்கேன் தாளில் 'ஜவ்வு தேய்மானம்' என்று பார்த்ததும் ஓட்டத்தையே தலைமுழுகுபவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேன் தேவையா என்பதை, காலைத் தொட்டு மடக்கிப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அப்படியானால் என்ன செய்வது?

மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லாத சாதாரண வலி என்றால், வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவை முட்டி தாங்குகிறது. அதற்கு மேல் போனாலோ, நொண்ட வைத்தாலோ, மறுநாளும் நீடித்தாலோ தூரத்தைப் பாதியாக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடையோ சைக்கிளோ நீச்சலோ பழகுங்கள். முழுசாகப் படுத்துவிட்டால் தொடைத் தசை இளைத்து, திரும்பி வரும்போது முட்டிக்குத்தான் கூடுதல் சுமை.

வாரம் இரண்டு மூன்று நாள் தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலிபோல் நிற்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது போன்றவற்றை வீட்டிலேயே செய்யலாம். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஓடும்போது எட்டி எட்டி வைக்காமல் அடியைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினால் முட்டியில் விழும் பாரம் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் தேறாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அந்தப் பிரிவு உண்டு.

'ஓடினா முட்டி தேஞ்சிடும்' என்று வீட்டில் பயமுறுத்தினால் இதைச் சொல்லுங்கள்: 2017இல் வந்த தொகுப்பாய்வில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் சாதாரணமாக ஓடுபவர்களில் 3.5 விழுக்காடு, ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 விழுக்காடு. போட்டிக்கென்று கடுமையாக ஓடுபவர்களில் அது 13.3 விழுக்காடு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாத்திரை போட்டுக்கொண்டு ஓடியவரா?

இன்றோடு நிறுத்துங்கள். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை போட்டீர்கள், எப்போது போட்டீர்கள், எவ்வளவு தூரம் ஓடினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகப் பாதிப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மீட்டுவிட முடியும்.