துண்டுகளைச் சேர்ப்போர்

திரையில் ஓடும் காட்சி கண நேரத்தில் மறைந்துவிடுகிறது. அதனை அசையாப் படமாக நிறுத்தி வைப்பவர் 'ஸ்டில்' புகைப்படக்காரர். அவர் பெயரைச் சுவரொட்டியில் நாம் தேடுவதில்லை. ஆனால், 1931-இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை என்பதை எண்ணுங்கால், அத்தொழிலின் அருமை விளங்கும்.

'பிலிம் நியூஸ்' ஆனந்தன் புகைப்படக்காரராய்த் திரையுலகில் நுழைந்தவர். படம் எடுத்ததோடு அவர் அமைந்துவிடவில்லை; பிறர் பொருட்படுத்தாத படங்களையும் செய்திகளையும் ஆண்டாண்டாகத் திரட்டினார். 2016-இல் அவர் மறைந்தார். அவர் தொகுத்த தமிழ்த் திரைப்பட வரலாறு நூலாக நிலைத்திருக்கிறது.

வளர்ப்புப் பிராணிகளைப் படம் பிடிப்போர்க்கும் பொறுமையே மூலதனம். நடிகரை அசையாதிருக்கச் சொல்லலாம். நாய்க்குட்டியிடம் சொல்ல இயலுமா? தரையில் மண்டியிட்டு, அதன் கண்மட்டத்தில் காத்திருக்க வேண்டும். நம் செங்கற்பட்டுக் குடும்பங்கள் விடுமுறையில் சென்று காணும் மாமல்லபுரத்திலும் அத்தகைய பொறுமையைப் பாறையில் காண்கிறோம். பின்னங்காலால் முகத்தைச் சொறியும் மானை 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி எத்தனை நாள் உற்று நோக்கினானோ!

ஐயாயிரம் பேர் உண்டபின், ஒன்றும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்க்கப் பணித்தார் நம் ஆண்டவர். நம் இல்லப் பெட்டிகளின் அடியில் கிடக்கும் பழம் படங்களும் அத்தகைய துண்டுகளே. படத்திலுள்ளோரை அடையாளம் காட்டவல்ல பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே, பெயரையும் ஆண்டையும் பின்புறத்தில் குறித்து வைப்போம். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். மென்மையான பென்சிலே நன்று.